பன்மைக்கு இல்லாத கூலி

2024 ஜனவரி 21 அன்று எத்தேரியம் என்ற பிளாக்செயின் வலையமைப்பில், பிளாக்குகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்கள் பலர் ஒரே நேரத்தில் முடங்கினார்கள். அவர்கள் எல்லாரும் நெதர்மைண்ட் என்ற மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். அதன் சில பதிப்புகளில் இருந்த பிழை, செல்லுபடியான பிளாக்கைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. மொத்த வேலிடேட்டர்களில் சுமார் 8 விழுக்காட்டினர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். திருத்திய பதிப்பு சில மணி நேரத்தில் வந்துவிட்டது. வலையமைப்பும் நிற்கவில்லை. ஆனால் பிழையைவிடப் பெரிய கேள்வி ஒன்று அன்று எழுந்தது: இதே பிழை, அதே வேலையைச் செய்யும் கெத் என்ற இன்னொரு மென்பொருளில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சமயத்து மதிப்பீடுகளின்படி 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேலிடேட்டர்கள் கெத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

வேலிடேட்டர் நோடு, அதாவது வலையமைப்பில் இணைந்த கணினி, அமைத்து ஓட்டும் முறையை எடைபோட இந்தக் கேள்வியே சரியான தொடக்கம். எத்தேரியத்தின் விதிகள் தனியொருவரின் தவறை எளிதில் மன்னிக்கின்றன. பலர் சேர்ந்து செய்யும் தவறைக் கடுமையாகத் தண்டிக்கின்றன. அன்றாட வருமானமோ எல்லாரையும் ஒரே மென்பொருள், ஒரே நிறுவனம், ஒரே வாடகைச் சர்வர் என்று ஓரிடத்துக்கே இழுக்கிறது. இந்த முறையின் சிறப்பும் குறையும் இந்த இழுபறியிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். பிட்காயினைப் போலவே எத்தேரியமும் தொடக்கத்தில் மின்சாரத்தைக் கொட்டிக் கணக்குப் போட்டவருக்கே பிளாக் சேர்க்கும் உரிமையைத் தந்தது. 2020 டிசம்பர் 1 அன்று பீக்கன் செயின் என்ற இணைச் சங்கிலி தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று இரண்டும் இணைக்கப்பட்டன. எரிசக்திச் செலவு இதனால் சுமார் 99.95 விழுக்காடு குறைந்ததாக எத்தேரியம் அறக்கட்டளை கணக்கிட்டது. மின்சாரம் இருந்த இடத்தில் பிணைத்தொகை வந்து அமர்ந்தது. ஒரு வேலிடேட்டர் ஆவதற்கு எத்தேரியத்தின் நாணயமான ஈத்தரில் 32 கட்ட வேண்டும். 12 விநாடிக்கு ஒரு ஸ்லாட், 32 ஸ்லாட்டுக்கு ஓர் எபோக். 6.4 நிமிடம் நீளும் ஒவ்வோர் எபோக்கிலும் வேலிடேட்டர் ஒருமுறை வாக்களிக்க வேண்டும்: சங்கிலியின் முனை எது, எது வரை உறுதியானது என்று. அபூர்வமாக, பிளாக் முன்மொழியும் முறையும் வரும். மொத்தப் பிணையில் மூன்றில் இரண்டு பங்கு ஒத்துப்போனால் அந்தப் பகுதி இறுதியாகிறது. இயல்பான நாளில் இதற்குச் சுமார் 13 நிமிடம் ஆகும்.

இந்த வேலைக்குப் பெரிய சர்வர் அறை தேவையில்லை. கையகலக் கணினி ஒன்று, 32 ஜிபி நினைவகம், 4 டிபி கொள்ளளவுள்ள தரமான எஸ்எஸ்டி, தடையற்ற இணையம் போதும். எஸ்எஸ்டியில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மலிவான ரகங்கள் இடைவிடாத எழுத்துக்கும் வாசிப்புக்கும் ஈடுகொடுக்காமல் பின்தங்கிவிடும். கணினியில் இரண்டு மென்பொருள்கள் ஓட வேண்டும். பரிவர்த்தனைகளை இயக்கிப் பார்க்க கெத், நெதர்மைண்ட், பெசு, எரிகான், ரெத் போன்றவற்றில் ஒன்று. ஒருமித்த முடிவுக்கு வர பிரிசம், லைட்ஹவுஸ், டெக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார் போன்றவற்றில் ஒன்று. கெத் கோ மொழியிலும், நெதர்மைண்ட் சி ஷார்ப்பிலும், பெசு ஜாவாவிலும், லைட்ஹவுஸ் ரஸ்டிலும் எழுதப்பட்டவை. ஒரே விதிநூலை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு மொழிகளில் எழுதிப் பராமரிப்பது பிளாக்செயின் உலகில் அரிதான செல்வம். ஒருவர் எழுத்தில் நுழைந்த பிழை மற்றவர் எழுத்திலும் அப்படியே நுழைவது கடினம்.

சாவிகளைப் பிரித்து வைத்திருப்பது இன்னொரு நல்ல ஏற்பாடு. வாக்குகளில் கையொப்பமிடும் சாவி எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியில் இருந்தாக வேண்டும். பணத்தை எடுக்கும் சாவியோ இணையத்தைத் தொடாத வேறிடத்தில் இருக்கலாம். கணினிக்குள் ஒருவன் புகுந்துவிட்டாலும் அசலைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடியாது. தவறாகக் கையொப்பமிட்டு அபராதம் வாங்கித்தர முடியும். வங்கி லாக்கர் அளவுக்குப் பாதுகாப்பில்லாத ஒரு வீட்டு அறையில் பெருந்தொகைக்கான பொறுப்பை நம்பி வைக்க முடிகிறதென்றால் இந்தப் பிரிப்பே காரணம்.

மூன்றாவது நன்மை புதியவர்களின் கண்ணில் படுவதே இல்லை. கணினி அணைந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் பயம் தெளியும். ஆண்டு வருமானம் சுமார் 3 விழுக்காடு, அதாவது 32 ஈத்தருக்கு ஏறத்தாழ 1 ஈத்தர். தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காக 5 மணி நேரம் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 மணி நேர வருமானம் போகும். அதைவிடச் சற்றுக் குறைவான தொகை அபராதமாகவும் போகும். ஓர் ஈத்தர் 3,000 டாலர் என்றால் மொத்த நட்டம் சுமார் 3 டாலர்தான். மின்சாரம் திரும்பிய பின் சில மணி நேரத்தில் அது ஈடாகிவிடும்.

உண்மையான ஆபத்து வேறிடத்திலிருந்து வருகிறது: அதீத முன்னெச்சரிக்கையிலிருந்து. மின்வெட்டுக்குப் பயந்து, அதே சாவிகளோடு இன்னொரு கணினியையும் தயாராக வைத்திருக்கிறார் ஒருவர். முதல் கணினி உயிர்த்தெழும்போது இரண்டும் சேர்ந்து கையொப்பமிடுகின்றன. ஒரே சாவி முரண்பட்ட இரு வாக்குகளைப் போட்டால் வலையமைப்பு அதை மோசடியாகத்தான் பார்க்கும். பிணையில் ஒரு பகுதி பறிபோகும். வேலிடேட்டர் பதவி நீக்கப்படும். மீதிப் பணம் சுமார் 36 நாட்கள் முடங்கும். ஸ்லாஷிங் என்ற இந்தத் தண்டனை இதுவரை பெரும்பாலும் சதிகாரர்களுக்கு விழவில்லை. தாங்களே தங்கள் சாவியை இரு இடத்தில் ஓட்டிக்கொண்டவர்களுக்கே விழுந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்டேக்ட் என்ற நிறுவனத்தின் 75 வேலிடேட்டர்கள் தண்டிக்கப்பட்டதும் தாக்குதலால் அல்ல, நிர்வாகக் கோளாறால். மோசடிக்காரரைப் பிடிக்க வைத்த பொறியில் கவனமானவர்கள் மாட்டிக்கொள்வது இந்த வடிவமைப்பின் குறைதான். ஆனால் சமாளிக்க முடிந்த குறை. போட்ட வாக்குகளைப் பதிந்து வைக்கும் தரவுத்தளமும், தொடங்கும்போது தன் இரட்டை எங்காவது ஓடுகிறதா என்று சற்று நேரம் காத்துப் பார்க்கும் வசதியும் வந்துவிட்டன.

வடிவமைப்பின் ஆகச் சிறந்த யோசனை தண்டனையின் அளவை நிர்ணயிக்கும் விதம். தனியாகத் தவறியவருக்குச் சிறு இழப்பே. 2025 மே 7-இல் வந்த பெக்ட்ரா மேம்பாடு தொடக்க அபராதத்தைப் பிணையின் 32-இல் ஒரு பங்கிலிருந்து 4,096-இல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. ஆனால் அதே காலகட்டத்தில் எத்தனை பேர் தண்டிக்கப்படுகிறார்களோ அந்த விகிதத்தில் இரண்டாவது அபராதம் ஏறும். மூன்றில் ஒரு பங்கினர் ஒன்றாகத் தவறினால் பிணை முழுவதும் போகும். தேர் வடத்தில் ஒரு கை விலகினால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு பக்கத்து வடமே மொத்தமாகக் கைவிடப்பட்டால் தேர் சாயும். எத்தேரியத்தின் விதி இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது.

அறிந்திருந்தும் பயன் பாதிதான். இந்த அபராதம் பேரிடர் நாளுக்கு உரியது. மற்ற நாட்களில், பலரும் ஓட்டும் கெத்தை ஓட்டுபவருக்கும் அரிதான எரிகானை ஓட்டுபவருக்கும் வாக்குக்கான கூலி ஒன்றுதான். கெத்துக்கு வழிகாட்டிகள் அதிகம், உதவ ஆளும் அதிகம். அரிதான மென்பொருளில் சிக்கல் வந்தால் அவர் தனியாக நின்று தீர்க்க வேண்டும். தீர்க்கும் வரை வருமானமும் போகும். வலையமைப்புக்குக் காப்பீடாக இருப்பவர் அதற்கான செலவைத் தன் பையிலிருந்து கட்டுகிறார். காப்பீட்டின் பலனைப் பெரும்பான்மையோர் இலவசமாக அனுபவிக்கிறார்கள்.

பேரிடர் நாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒத்திகையும் நடந்துவிட்டது. 2025 பிப்ரவரி 24 அன்று ஹொலெஸ்கி என்ற சோதனை வலையமைப்பில் பெக்ட்ராவைச் செயல்படுத்தினார்கள். கெத், நெதர்மைண்ட், பெசு மூன்றிலும் பிணைத்தொகையைப் பெறும் வைப்பு ஒப்பந்தத்தின் முகவரி தவறாக அமைந்திருந்தது. செல்லாத பிளாக் ஒன்றை அவை ஏற்றன; ரெத்தும் எரிகானும் மறுத்தன. சரியாக இருந்தவை சிறுபான்மை. தவறான கிளைக்கு வாக்களித்த பெரும்பான்மையோர் சரியான கிளைக்குத் திரும்ப முயன்றால் முரண்பட்ட வாக்காகி ஸ்லாஷிங்கில் சிக்குவார்கள். இறுதி முடிவு மீண்டும் கிடைக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. சோதனை ஈத்தருக்கு மதிப்பில்லாததால் எல்லாரும் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். முதன்மை வலையமைப்பில் இது நடந்தால், தவறான கிளையை விட்டு வர முடியாமல், சரியான கிளையில் வாக்களிக்காததற்காகத் தங்கள் பிணை நாளுக்கு நாள் கரைவதைப் பெரும்பான்மையோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

மாறாக, பன்மை காப்பாற்றிய நாளும் உண்டு. 2023 மே 11, 12 தேதிகளில் பழைய வாக்குகளைக் கையாளும் சுமையில் பிரிசமும் டெக்குவும் திணறின. இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இறுதி முடிவு கிடைக்கவில்லை. வேறு விதமாக எழுதப்பட்ட மென்பொருள்கள் சங்கிலியை நகர்த்திக்கொண்டே இருந்தன. அவற்றை ஓட்டியவர்களுக்கு இதற்காகத் தனிக் கூலி எதுவும் கிடைக்கவில்லை.

மென்பொருளில் காணும் இந்தச் சாய்வு பணத்திலும் உண்டு. 32 ஈத்தர் என்றால், மேற்சொன்ன விலையில் 96,000 டாலர். அது இல்லாதவருக்கு லிடோ போன்ற சேவைகள் வாசலைத் திறந்தன: சிறு தொகை போட்டாலும் பங்கு உண்டு, கைமாற்றக்கூடிய டோக்கனும் உண்டு. வாசல் திறந்ததை மறுக்க முடியாது. ஆனால் 2023-இல் லிடோவின் பங்கு மொத்தப் பிணையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. இறுதி முடிவைத் தடுக்க அந்த அளவே போதும். லிடோ தன் பிணையைப் பல இயக்குநர்களுக்குப் பிரித்துத் தருகிறது என்பது நியாயமான பதில்தான். எனினும், வளர்ச்சிக்குத் தானே வரம்பு போட்டுக்கொள்ளலாமா என்று 2022-இல் நடந்த வாக்கெடுப்பில் அதன் நிர்வாக டோக்கன் வைத்திருப்போர் ஏறக்குறைய ஒருமனதாக வேண்டாம் என்றார்கள். வரம்பு போட்டால் வருமானம் குறையும். போடாவிட்டால் உடனடி நட்டமில்லை. வேறு என்ன பதில் வந்திருக்கும்?

பிளாக் முன்மொழியும் வாய்ப்பும் பெரியவருக்கே வசதி. பத்து லட்சம் வேலிடேட்டர்கள் இருந்தால் ஒருவருக்கு அந்த முறை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைதான் வரும். எந்தப் பிளாக்கில் கொழுத்த வருமானம் இருக்கும் என்பது அதிர்ஷ்டம். ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அது சராசரியாகிவிடும். தனியாளுக்கு லாட்டரியாகவே இருக்கும்.

இடமும் சட்டமும் இதே கதையைச் சொல்கின்றன. 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் சர்வர்களில் ஓடிய, சோலானா என்ற வேறொரு பிளாக்செயினின் நோடுகளை நிறுத்தியது. சோலானாவின் பிணையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒரே நிறுவனத்தின் முடிவால் இணைப்பிழந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று பரிவர்த்தனைகளின் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் என்ற சேவையை அமெரிக்கக் கருவூலத் துறை தடைப்பட்டியலில் சேர்த்தது. எத்தேரியத்தில் பிளாக் கட்டும் வேலையை வேலிடேட்டர்கள் பலர், ரிலேக்கள் என்ற இடைத்தரகர்களின் வழியே, அதிக விலை தரும் கட்டுநர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். நவம்பர் வாக்கில், பெரும்பான்மைப் பிளாக்குகள் தடைப்பட்டியலை வடிகட்டும் ரிலேக்களின் வழியே வந்தன. தணிக்கை செய்ய வேண்டும் என்று வேலிடேட்டர்கள் முடிவெடுக்கவில்லை. நல்ல விலை கிடைத்த இடத்தில் இணைந்தார்கள். தணிக்கை கூடவே வந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. ஜனவரி 2024-க்குப் பிறகு எழுந்த கண்டனத்தால் பெரிய நிறுவனங்கள் சில மென்பொருளை மாற்றின. கெத்தின் பங்கு கணிசமாகக் குறைந்தது. ராக்கெட் பூல் என்ற சேவை குறைந்த முதலில் தனியாட்கள் நோடு ஓட்ட வழி தந்தது. லிடோவே 2024-இல் தனியாட்களுக்கு ஒரு பிரிவைத் திறந்தது. ஒரு சாவியைப் பல கணினிகளுக்குப் பிரித்துத் தரும் ஓபோல், எஸ்எஸ்வி போன்ற முறைகளும் வந்தன. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆயினும் இவற்றைத் தாங்குவது பெரும்பாலும் ஊர்ப்பேச்சும் நல்லெண்ணமும். அச்சம் தணிந்தால் இரண்டும் தளரும். நல்லெண்ணத்தை நம்பாமல் இயங்குவோம் என்று கிளம்பிய ஒரு முறைக்கு இது பெருமை சேர்ப்பதல்ல.

2024 மார்ச்சில் எத்தேரியத்தின் நிறுவனர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின் முன்வைத்த யோசனை சரியான திசையைக் காட்டுகிறது: ஸ்லாஷிங்குக்கு மட்டுமின்றி, தவறவிட்ட சாதாரண வாக்குகளுக்கும் எத்தனை பேர் ஒன்றாகத் தவறினார்களோ அதற்கேற்ப அபராதம் கூடட்டும் என்றார். பேரிடர் நாளின் விதியை அன்றாடத்துக்குக் கொண்டுவரும் முயற்சி இது. பெரிய நிறுவனம் தன் நோடுகளைப் பிரித்து வைத்தாக வேண்டும். தனியாள் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறார். ஒரு வட்டாரமே இருளில் மூழ்கும் மின்தடையில் அங்குள்ள தனியாட்களும் ஒன்றாகத் தவறுவார்கள் என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் உலகம் முழுவதுமுள்ள பிணையோடு ஒப்பிட்டால் அவர்கள் எண்ணிக்கை மிகச் சிறியது. அபராதம் பெரிதாக ஏறாது.

ஆகவே தீர்ப்பு இப்படி அமைகிறது. வேலிடேட்டர் முறை மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. சாதாரணக் கணினிக்கு இடம் தந்தது. தனியாளின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது. இவற்றில் அது வென்றிருக்கிறது. தோற்றது ஒரே இடத்தில்: தன்னைக் காப்பாற்றும் வேறுபாட்டுக்கு விலை வைக்க மறந்தது. அந்த விலை விதிநூலில் ஏறும் வரை, நோடு அமைக்கிறவர் தன் கையில் இருப்பதைச் செய்யலாம். சிறுபான்மை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் கணினியில் அதே சாவியை ஏற்றாமல் இருக்கலாம். மின்சாரம் போனால் மூன்று டாலர் போகட்டும் என்று விட்டுவிடலாம். சிறுபான்மையில் நிற்பது அவருக்கும் லாபம்தான்: பெரும்பான்மை மென்பொருள் தவறும் நாளில் முழுப் பிணையும் மிஞ்சுவது அவரிடம்தான்.