எண்ணும் காரணமும்

2017இல் வெளியான ஸ்ரார் வோர்ஸ் தொடரின் 'த லாஸ்ற் ஜெடை' படத்திற்கு 'ரொட்டன் ரொமாட்டோஸ்' தளத்தில் விமர்சகர் புள்ளி நூற்றுக்கு 90ஐத் தாண்டியது. பார்வையாளர் புள்ளி 50ஐயும் எட்டவில்லை. 2019இல் வந்த அதன் தொடர்ச்சிக்கோ நிலைமை தலைகீழ்: விமர்சகர் 50ஐ ஒட்டி நிற்க, பார்வையாளர் 80ஐக் கடந்தனர். இரண்டுமே 100 கோடி டொலருக்கு மேல் வசூலித்தன.

விமர்சகர் புள்ளி படத்தின் தரத்தை அளப்பதல்ல. நூறு பேரில் எத்தனை பேர் 'பரவாயில்லை' என்றேனும் தலையாட்டினர் என்ற கணக்கு மட்டுமே. எவரையும் உறுத்தாத படம் 95 பெறலாம். சிலரை உலுக்கிச் சிலரைச் சினமூட்டிய படம் 60இல் நின்றுவிடலாம். எமக்கு வேண்டியது விமர்சகரின் எண்ணல்ல, அவரது காரணம்: முதற்படம் எழுப்பிய கேள்வியை இது முன்நகர்த்தியதா, பழைய வெற்றியையே மறுபடி விற்றதா? காரணத்தை விட்டு எண்ணை மட்டும் வாசிப்போமெனில், விமர்சனத்தை விளம்பரப் பலகையாக்குபவர்கள் நாமேதான்.