நீரோட்டம் பார்க்கும் கை

சேலம், நாமக்கல் பக்கம் காட்டில் போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்த்தாக வேண்டும். வெயில் ஏறுமுன் நீரோட்டம் பார்ப்பவர் வந்துவிடுவார். உள்ளங்கையில் கிடத்திய குடுமித் தேங்காய், இல்லையென்றால் வேப்பங்கவட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நடக்க, குடும்பமே பின்னால் நடக்கும். ஓரிடத்தில் தேங்காய் சட்டென்று நிமிரும். அங்கே கல் நட்டு மஞ்சள், குங்குமம் வைப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த நடை. புற்று, கோடையிலும் பச்சை மாறாத மரம், நிலத்தின் சரிவு என எல்லாவற்றையும் கண் அளந்துகொண்டே போகும். புற்றையும் மரத்தையும் வைத்து நீர் காணும் முறைகளை ஆறாம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் ‘பிருகத் சம்ஹிதை’யில் தொகுத்தார்.

குச்சி அசைவது பொய்யில்லை. பிடித்தவர் அறியாமலே தசை அசைக்கிறது என்று 1852இல் உடலியலாளர் வில்லியம் கார்பெண்டர் விளக்கினார். 1990இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நீரோட்டம் பார்ப்பவர்கள் 30 பேரைச் சோதித்தபோது, புதைத்த குழாயில் நீர் ஓடுகிறதா என்பதில் அவர்களின் விடைகள் குருட்டு ஊகத்தைத் தாண்டவில்லை.

சேலம், நாமக்கல் நிலத்துக்கு அடியில் கடினப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர். திருச்செங்கோட்டு ரிக் வண்டி எத்தனை அடி இறங்கினாலும், வெடிப்பு தட்டாவிட்டால் புகைதான் வரும். ஆகவே தேங்காயை ரசியுங்கள். பணத்தைப் போடுமுன் நிலத்தின் மின்தடையை அளந்து நீர் தேடும் ஆய்வும் செய்துவிடுங்கள்.