தன் கைப்பட எழுதுதல்: கொங்கு நாட்டிலும் இலங்கையிலும் தன்னனுபவக் கட்டுரை

எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாத வளர்ந்தவர்கள் தம் வாழ்வில் நேர்ந்ததைத் தம் கைப்பட எழுதிப் பிறர் முன் வைப்பதைத் தன்னனுபவக் கட்டுரை எனலாம். இதற்கான பயிற்சியும் ஊக்கமும் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏறத்தாழ ஒரே நோக்கோடு அமைந்தபோதிலும், எழுதுகிறவருக்கு எதிரே அமர்ந்து கேட்பவர் யார் என்பது இரண்டு இடங்களிலும் வேறாக இருந்தமையால், எழுத்து திருத்தப்படும் விதமும் காக்கப்படும் விதமும் வெவ்வேறு வழியில் போயின. கொங்கு நாட்டில் கேட்பவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். இலங்கையிலோ முகமறியாத வேற்றுமொழிக்காரர்.

கொங்குப் பகுதியில் இதற்குத் தெளிவான சான்றாக நிற்பது நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகன் தம் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டி நடத்திவந்த ‘கூடு ஆய்வுச் சந்திப்பு’ ஆகும். அவருடைய வீட்டு மொட்டைமாடியில் கூடிய அந்தக் குழுவின் முயற்சியில் சாதி பற்றித் தம் சொந்த அனுபவத்தை 32 பேர் எழுதிய கட்டுரைகள், 2013இல் காலச்சுவடு வெளியீடாக ‘சாதியும் நானும்’ என்ற தொகுப்பாயின, பின்னர் சி.எஸ். லக்ஷ்மியின் (அம்பை) மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தன. இழிவுக்கு ஆளானவர்கள் மட்டுமன்றி, இழிவு செய்யும் பக்கத்தில் பிறந்தவர்களும் அதில் எழுதியிருப்பதே அத்தொகுப்பின் பெரும் பலம். ஒரே தேநீர்க் கடையில் சாதி பார்த்து வேறாக வைக்கும் இரட்டைக் குவளைகளை இரு பக்கத்திலிருந்தும் பார்த்தவர்கள் ஒரே மாடியில் அமர்வது கொங்கு நாட்டில் எளிதில் நடக்கக்கூடியதன்று.

அத்தகைய எழுத்தில் திருத்தம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை ஓர் உரையாடலைக் கொண்டே காணலாம். கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றித் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வயல்களில், வயது முதிர்ந்த பண்ணையாள் நில உடைமையாளரின் பள்ளிச் சிறுவனிடம் “தண்ணி கட்டிட்டனுங்க சாமி” என்பார், சிறுவன் “வரப்ப ஒழுங்காப் பாத்தயாடா?” என்பான். கொங்குத் தமிழின் அழகென்று போற்றப்படும் ‘ங்க’ என்னும் மரியாதை விகுதி அங்கே ஒரு திசையில் மட்டுமே ஓடுகிறது. இதையே எழுதப் பழகுகிறவர் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றி, “வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டதாக முதியவர் தெரிவித்தார்” என்று எழுதும்போது, வயலில் மறுக்கப்பட்ட மரியாதையை ‘ஆர்’ விகுதி தாளில் வழங்கிவிடுகிறது. எழுத வந்த அவமானம் காணாமல் போய்விடுகிறது. பிழையின்றி எழுதவேண்டும் என்ற அச்சமே வளர்ந்த மாணவரை இந்த மாற்றத்துக்குத் தள்ளுகிறது. ஆகவே, கற்பிப்பவர் முதலில் செய்யவேண்டியது பேச்சைப் பேச்சாகவே எழுதவிடுவதாகும்.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி பரவி, எழுத்தறிவு 90 விழுக்காட்டைக் கடந்துவிட்டமையால், முதிய தாய்மாரிலும் பலர் கடிதம் எழுத அறிந்தவர்கள். 1986இல் யாழ்ப்பாணப் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்தது, நாமக்கல் மாடியை ஒத்த ஒரு சிறு வட்டத்தின் வேலையே. உள்நாட்டுப் போர் முடிந்தபின் 2012–13இல் ராதிகா ஹெட்டியாராச்சி ஒழுங்கமைத்த ‘ஹெர்ஸ்டோரிஸ்’ திட்டம் வேறு வகையானது: வடக்கிலும் தெற்கிலும் தமிழ், சிங்களத் தாய்மார் தம் வாழ்க்கையைக் கடிதங்களாக எழுதினர், வாழ்வின் நிகழ்வுகளை வேர், கிளை, இலை என்று வரைந்து காட்டும் ‘வாழ்க்கை மரம்’ போன்ற படங்களையும் வரைந்தனர். அவை கையெழுத்தோடு ஆவணமாக்கப்பட்டு, பிற மொழியாருக்காக மொழிபெயர்க்கப்பட்டன. முல்லைத்தீவுத் தாயின் கடிதத்தைப் படிக்கப்போகிறவர் அவளறியாத ஒரு தென்னிலங்கைத் தாயாகவும் இருக்கக்கூடும் என்பதே அதன் அடித்தளம்.

இலங்கை எழுத்தில் திருத்துகிறவர் கைவைக்கக்கூடாத சொல் வேறு. ‘மகன் காணாமல் போனான்’ என்பதில் வினை மகனுடையது. ‘காணாமல் ஆக்கப்பட்டான்’ என்பதில், பெயர் சொல்லாவிட்டாலும், செய்தவர் ஒருவர் உண்டு. காணாமற்போனோர் தொடர்பாக 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசு அலுவலகம் தன் தமிழ்ப் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்று கூற, 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த உறவினர்கள் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே எழுதுகின்றனர். செயப்பாட்டுவினையைக் குறைத்தெழுதச் சொல்லும் நல்ல நடைப் பாடம் இந்த இடத்தில் ஒரு தாயின் முறையீட்டையே அழித்துவிடும்.

இரண்டு முறைகளுக்கும் குறைகள் உண்டு. இலங்கை முறை கையெழுத்தைக் காத்தது. ஆனால் திட்டமாக வந்தது திட்டமாகவே முடிந்து, எழுதியவர்கள் மறுமாதமும் கூடிப் பேச ஓர் இடத்தை விட்டுச்செல்வது அரிது. கொங்கு முறை கூடுமிடத்தைத் தந்தது. ஆனால் சொந்தப் பெயரில் எழுதியவர் மறுநாள் அதே தெருவில் நடந்தாகவேண்டும். தம் ‘மாதொருபாகன்’ நாவலுக்காக 2014 டிசம்பரில் எழுந்த எதிர்ப்பும், அடுத்த மாதமே பெருமாள்முருகன் எழுத்தைக் கைவிடுவதாக அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை நீண்ட அமைதியும், புகழ்பெற்ற எழுத்தாளருக்கே ஊர் எவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கும் என்பதைக் காட்டின. ஆதலின் புனைபெயரும் ஊர்ப்பெயர் மறைப்பும் இங்கே கோழைத்தனமாகக் கருதப்படலாகாது.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருக்க, கோபிசெட்டிபாளையம் அடங்கிய ஈரோடு மாவட்டத்தில் அது 72.58 விழுக்காடே. அறிவொளி இயக்கம் முதல் ‘கற்போம் எழுதுவோம்’ வரை வந்த வளர்ந்தோர் எழுத்தறிவு முயற்சிகள் கைநாட்டைக் கையெழுத்தாக்குவதில் பெரிதும் கருத்தூன்றின. அதற்கப்பால் எழுதுவதற்கான இடம் பெண்களுக்கு ஏற்கெனவே அமைந்திருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டந்தோறும் ஒரு தீர்மானப் புத்தகம் விரிக்கப்படுகிறது. கடன் கேட்ட காரணம் அதில் ‘மருத்துவச் செலவு’ என்று இரண்டே சொல்லில் முடிகிறது. அதே பெண் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னுள்ளதை, ‘ங்க’வும் ‘டா’வும் இருந்தபடியே, பத்து வரியில் வேறொரு நோட்டில் எழுதி, குழுவின் ஊக்குநர் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அடுத்த வாரம் அதைப் படிக்கக் கேட்டால், நாமக்கல் மாடியின் கூட்டமும் முல்லைத்தீவுக் கடிதத்தின் கையெழுத்தும் கோபிசெட்டிபாளையத்தின் ஒரு திண்ணையில் ஒன்றாகச் சேரும்.