லாங்-ஈசி வானூர்தியின் நிலைப்புத்தன்மை: ஒரு திறனாய்வு

லாங்-ஈசி என்பது அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் உருவாக்கிய, இருவர் அமரக்கூடிய சிறு வானூர்தி ஆகும். இது 1979-இல் முதன்முதலாகப் பறந்தது. வரைபடத்தை வாங்கிய ஆர்வலர்கள், நுரைப்பலகையின் மேல் கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சியால் ஒட்டித் தாங்களே இதைக் கட்டிக்கொண்டனர். பெங்களூரின் தேசிய வானூர்தியியல் ஆய்வகம் இவ்வடிவமைப்பைத் தழுவி உருவாக்கிய இலகு கனார்டு ஆய்வு வானூர்தி 1987-இல் பறந்தது.

'ஸ்டால் ஆகாத வானூர்தி' என்பதே லாங்-ஈசி பெற்ற புகழ். காற்றோட்டத்தோடு இறக்கை கொள்ளும் தாக்குகோணம் அளவு மீறி இறக்கை தூக்குவிசையை இழப்பதையே ஸ்டால் என்பர். லாங்-ஈசியில் வாலுக்குப் பதிலாக மூக்குப் பகுதியில் கனார்டு எனப்படும் முன்சிறகு உள்ளது. வேகம் குறையும்போது முன்சிறகே முதலில் தூக்குவிசையை இழக்கிறது. உடனே மூக்கு தாழ்ந்து வேகம் மீள்கிறது. முதன்மை இறக்கை தப்பிக்கிறது. இது உண்மையிலேயே அழகான தீர்வு.

எனினும் இப்புகழ் நிபந்தனைக்கு உட்பட்டது. ஈர்ப்பு மையம் குறித்த எல்லைக்குப் பின்னால் சென்றால் முதன்மை இறக்கையும் ஸ்டால் ஆகலாம். அதிலிருந்து மீள்வது கடினம். தொடக்ககால முன்சிறகு மழையில் நனைந்தபோது தூக்குவிசை குறைந்து மூக்கு தாழ்ந்தது. பின்னர் ஜான் ரோன்ஸ் வடிவமைத்த முன்சிறகு இக்குறையைப் போக்கியது. மேலும், முதன்மை இறக்கை அதன் முழுத் தூக்குவிசையை எட்டுவதே இல்லை என்பதால் இறங்கும் வேகம் கூடுகிறது. நீண்ட ஓடுபாதை தேவைப்படுகிறது.

கட்டுபவர் செய்யும் சிறு மாற்றமும் கையாளுதலைக் கெடுக்கலாம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் லாங்-ஈசி விபத்தில் இறந்தார். அவ்வானூர்தியைக் கட்டியவர் எரிபொருள் திருப்பியை வரைபடத்தில் காட்டிய இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். அதை எட்ட உடலைத் திருப்பியபோது கட்டுப்பாடு தவறியிருக்கலாம் என விசாரணை கருதியது. அங்கு இறக்கை வடிவமைப்பின் சிறப்பு உதவவில்லை.

எனவே நிலைப்புத்தன்மை வரைபடத்தோடு விலைக்கு வருவதன்று. எடையிட்டு ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவதும், படிப்படியான சோதனைப் பறப்பும் ஒவ்வொரு வானூர்திக்கும் தனித்தனியே தேவை. லாங்-ஈசி சிறந்த வடிவமைப்பு. ஆனால் பிழை செய்தாலும் மன்னிக்கும் வானூர்தி என்று அதைச் சொல்வது மிகை.