பனங்கூடலும் கூத்துக் களரியும்

கூத்து நிகழும் இடம் இருவகைத்து. அளந்து வகுத்துக் கட்டிய அரங்கு ஒன்று. மக்கள் கூடிய வெளியே அரங்காதல் மற்றொன்று. இவ்விரண்டனையும் ஒரே காப்பியத்துள் வைத்துக் காட்டியவர் இளங்கோவடிகள். அரங்கேற்று காதையிலே எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமுங் கொண்ட அரங்கில் மாதவி ஆடுகின்றாள். சோழ மன்னன் காண்கின்றான். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் பரிசாகின்றன. வேட்டுவ வரியிலோ, பாலை நிலத்துக் காட்டினுள்ளே கொற்றவை கோயிலின் முன், எயினர் தாமே பாடித் தாமே ஆடுகின்றனர். வழிநடை வருத்தந் தீர அங்கே ஒருபுறம் அமர்ந்த கோவலனும் கண்ணகியும் அக்கூத்துக்குக் காண்போராகின்றனர். அவர்களை விலக்கினாரும் இலர். காணிக்கை கேட்டாரும் இலர்.

இந்த இரண்டாம் வகை அரங்கு யாழ்ப்பாணத்தில் இன்றும் அற்றுப்போகவில்லை. குடாநாட்டில் மலையில்லை, வற்றாத ஆறில்லை, பெருங்காடும் இல்லை. பனங்கூடலே அதன் காடு. கோயில் வீதிகளில் நிற்கும் ஆலும் மருதும் வேம்புமே அதன் சோலை. பெரும்போக அறுவடை முடிந்து நிலங் காய்ந்திருக்கும் வேனில் இரவுகளில், மாரியம்மன் கோயில்களை அடுத்த இத்தகைய வெளிகளிலே காத்தவராயன் கூத்து விடியுமளவும் ஆடப்பட்டு வந்துள்ளது. பாயுந் தலையணையுங் கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் வருவர். தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய காலம் போய், பெற்றோமக்ஸ் விளக்கு வந்தது. பின்னர் மின்விளக்கும் வந்தது. நுழைவுச் சீட்டு மட்டும் வரவில்லை.

இதனை ‘இலவசக் கூத்து’ என்று கூறுதல் பொருந்துமோவெனின், முழுதும் பொருந்தாது என்க. கூத்துப் பெரும்பாலும் நேர்த்திக்கடனாக ஆடப்படுவது. நோய் நீங்கியோர் ஒருவர் பொருள் தருவர், ஊரார் அரிசியும் தேங்காயும் தருவர், இளைஞர் பந்தலிடுவர், அண்ணாவியார் பல இரவுகள் இருந்து பழக்குவார். ஆகவே விலையில்லாதது எனினும் செலவில்லாததன்று. செலவு ஊரின்மேற் பரவி நிற்றலால், எவரும் அதனை விலையாக உணர்ந்திலர். விலை கொடுத்தவன் கூத்தை வாங்கியவனாகின்றான். பந்தற்கால் நட்டவனோ கூத்துக்கு உரியவனாகின்றான். இவ்வேறுபாடு சிறிதன்று.

கூத்தின் வடிவமும் இதனின்றே பிறந்தது. காத்தவராயன் கூத்து சிந்துநடைக் கூத்து எனப்படும். சிந்துப் பாட்டின் நடைக்கு இசைய அடிபெயர்த்து ஆடுவோர் களரியெங்கும் உலாவுவர். வரும் பாத்திரம் தன்னைத் தானே பாடி அறிமுகஞ் செய்யும். பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீட்டும் பாடுவர். நூலளவில் நோக்குவார்க்கு இவை கூறியது கூறல் என்னுங் குற்றமாகத் தோன்றும். களரியருகே இருந்து நோக்கின் உண்மை வேறு. பிந்தி வந்தவனும், இடையிலே கண்ணயர்ந்து விழித்த சிறுவனும், தூரத்து மரத்தடியில் இருக்கும் முதியாளும் கதையின் இழையை மீண்டும் பற்றிக்கொள்ள அம்மீள்பாட்டே துணை. நெடிய இரவின் சுமை ஒருவரை அழுத்தாதிருத்தற்பொருட்டுக் காத்தான் வேடத்தைப் பலர் முறையே தாங்குவதும் அவ்வாறே. வாயில் அடைத்து, நேரம் குறித்து, இருக்கை எண்ணி ஆடப்படும் நாடகத்துக்கு இவை வேண்டா. திறந்த வெளிக்கோ இவை இன்றியமையாதன.

உண்மையான குறை பிறிதோரிடத்தில் நேர்ந்தது. ஒலிபெருக்கி வந்தபின், களரியெங்கும் உலாவிய கூத்தர் ஒலிவாங்கியின் முன் ஒரேயிடத்தில் நின்று பாடத் தலைப்பட்டனர். குரல் ஊர் கடந்து சென்றது. சிந்துநடையோ பல களரிகளில் தளர்ந்தது. காதுக்கு வந்த ஆதாயம் கண்ணுக்கு நட்டமாயிற்று.

இனி, கதைப்பொருளை நோக்குவோம். முத்துமாரியின் மைந்தனாகிய காத்தான், அந்தணர் மனையில் வளரும் ஆரியமாலைமேற் காதல் கொள்கின்றான். குலத்தின் பெயரால் வருந் தடைகளையெல்லாங் கடந்து, ஈற்றில் கழுமரம் ஏறுகின்றான். வைகறைப் பொழுதில், பனைகளின் தலைகள் வெளிறித் தோன்றும் நேரத்தில், நடப்பட்ட நெடுமரத்தில் அவன் ஏறும்போது காண்போர் கண் கலங்குவர். இதனினும் வலிய காட்சி யாழ்ப்பாணத்து நாட்டார் அரங்கிலே காண்டல் அரிது.

ஆயின், திறனாய்வாளர் வினவ வேண்டிய வினா ஒன்று இங்கே எழுகின்றது. குலத்தடையின் கொடுமைக்காகக் கண்ணீர் வடித்த அவ்வெளி, எல்லாக் குலத்தார்க்கும் ஒப்பத் திறந்திருந்ததோ? இல்லை. விலையற்ற களரியிலும் இருக்கும் இடத்துக்கு வரம்பு இருந்தது. சில கோயில்களின் வாயில் சிலர்க்கு அடைபட்டே இருந்தது. 1957 ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னும், 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தமை இதற்குச் சான்று. காத்தானுக்கு இரங்கியவர்கள் தம் அயலானுக்கு இரங்கவில்லை என்பது கூத்தின் குற்றமன்று. ஆயினும், பழங்களரியைப் புகழுவோர் இதனை மறைத்துப் புகழ்வராயின் அது திறனாய்வுமாகாது. எயினரின் காட்டில் கோவலனுக்குங் கண்ணகிக்கும் கிடைத்த இடம், பனங்கூடலில் எல்லார்க்கும் கிடைக்கவில்லை.

பிற்காலத்தோர் இருவகை வழியில் முயன்றனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டு மண்டப மேடைக்கு ஏற்றினார். 1962 இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ கற்றோரைக் கூத்தின்பால் திருப்பியது. இளிவாகக் கருதப்பட்ட கலைக்கு மதிப்புத் தந்தது. இது பெருந்தொண்டே. எனினும், இரவு முழுதும் பரந்த கூத்து மண்டப நேரத்துள் ஒடுங்கியபோது, ஊரார் உரிமையாளர் என்னும் நிலையினின்று பார்வையாளர் என்னும் நிலைக்கு இறங்கினர். மறுதலையாக, 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ புதிய நாடகத்தை ஊர் வெளிகளுக்கே கொண்டு சென்றது. முன்னது கலையைக் காத்தது. பின்னது களரியின் இயல்பை மீட்க முயன்றது. இரண்டும் வேண்டுவனவே, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

போர்க்காலத்திலே பனைகள் பல பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்டன. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 இல் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினரும் இடம்பெயர்ந்தனர். மீண்டவர்கள் மீண்டும் கூத்தாடினர். பனை முற்றிப் பயன் தர இருபது ஆண்டளவு செல்லும். இழந்த கூடல் எளிதில் மீளாது. கூத்தோ அடுத்த வேனிலிலேயே மீளக்கூடியது.

அங்ஙனம் மீளுங் கூத்துக்கு வாயிலிற் சீட்டு வேண்டா. நடையைக் கட்டிப்போடும் ஒலிவாங்கியும் வேண்டா. பாய் விரிக்கும் இடத்தில் எவரும் எவர்க்கும் எல்லை வகுத்தலும் வேண்டா. முதலிரண்டும் கூத்தருக்கு உரிய பொறுப்பு. மூன்றாவது ஊருக்கு உரியது. அம்மூன்றாவது நிறைவேறும் இரவிலேதான் காத்தான் ஏறுங் கழுமரத்துக்கு முழுப்பொருளும் உண்டாகும்.