ரவுண்ட்ஹவுஸ் மேடையில் ஒரு பேஸ் கிதார்க்காரர்

லண்டனில் காம்டன் பகுதியில் ரவுண்ட்ஹவுஸ் என்று ஓர் அரங்கம். 1847இல் ரயில் எஞ்சின்களை நிறுத்துவதற்காகக் கட்டிய வட்டக் கொட்டகை. 1966க்குப் பிறகு அது ராக் இசையின் சந்நிதியாகிவிட்டது. பிங்க் ஃப்ளாய்டும் தி டோர்ஸும் வாசித்த இடம். கிதாரைத் தோளில் மாட்டிய எந்தப் பையனுக்கும் அங்கே ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்றிருக்கும். 2022 அக்டோபர் 17 அன்று, கொழும்பு இசைக்குழுக்களில் பேஸ் கிதார் வாசித்த ஒருவர் அந்த மேடையில் ஏறினார். வாசிக்க அல்ல, புக்கர் பரிசு வாங்க! அன்றைய விழாவில் சிறப்புரை ஆற்றியவர் பாப் பாடகி துவா லிபா. இதைக் கதையில் எழுதினால் நம்பும்படி இல்லை என்று எடிட்டர் வெட்டிவிடுவார்.

ஷெஹான் கருணாதிலக. இந்தப் பெயரை நான் ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்தமாட்டேன் என்பது ஹைதராபாத் குஷாய்குடா தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். “அண்ணா, டீ ஆறுது” என்பான் கூடவே நிற்கும் மதுரைப் பையன். ஆறட்டும்.

1975இல் காலியில் பிறந்தவர். கொழும்பில் வளர்ந்து, படிக்க நியூசிலாந்து போய், திரும்பி வந்து விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதினார். கூடவே இசை. ‘இண்டிபெண்டன்ட் ஸ்கொயர்’, ‘பவர்கட் சர்க்கஸ்’, ‘பிராஸ் மங்கி பேண்ட்’ என்று குழுக்கள். பவர்கட் சர்க்கஸ்! அந்தப் பெயருக்கு நம் ஊரில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். இதற்கு நடுவில் ஒரு நாவலையும் எழுதி முடித்தார். ‘தி பெயின்டர்’ என்ற அந்தக் கையெழுத்துப் பிரதி 2000இல் கிரேஷியன் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. ஆனால் புத்தகமாக வரவே இல்லை.

அந்த கிரேஷியன் பரிசுக்கு ஒரு கதை உண்டு. 1992இல் புக்கர் வென்ற மைக்கேல் ஒண்டாச்சி, அந்தப் பணத்தை வைத்து இலங்கை ஆங்கில எழுத்துக்காக ஏற்படுத்தியது அது. தன் தாயின் குடும்பப் பெயரைச் சூட்டினார். 2008இல் ஷெஹான் அதே பரிசை வென்றார், அப்போது அச்சேறியிராத ‘சைனாமேன்’ நாவலுக்காக. பதினான்கு வருடம் கழித்து அவருக்கே புக்கர். இலங்கையில் பிறந்தவர்களில் ஒண்டாச்சிக்குப் பிறகு அதை வென்றவர் இவர்தான். புக்கர் காசில் ஊன்றிய கன்று புக்கரையே காய்த்தது என்று டீக்கடையில் நான் சொன்னபோது யாரும் கைதட்டவில்லை. பரவாயில்லை.

‘சைனாமேன்’ படித்தீர்களா? கருணாசேன என்ற ஓய்வுபெற்ற விளையாட்டுப் பத்திரிகையாளர், சாராயம் கல்லீரலைத் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில், காணாமல் போன ஒரு சுழற்பந்து வீச்சாளரைத் தேடிக் கிளம்புகிறார். பிரதீப் மேத்யூ: தமிழ் அப்பா, சிங்கள அம்மா, பந்தில் மாயம் செய்தவன், பதிவேடுகளிலிருந்து அழிந்துபோனவன். கிழவரின் புலம்பலும் நக்கலும் கலந்த அந்தக் குரல் இருக்கிறதே, அடடா! இதை எழுதுவதற்காக ஷெஹான் வேலையை விட்டார், பழைய ஆட்டங்களைப் பார்த்தார், குடித்தபடி கிரிக்கெட் பேசும் பெரியவர்களோடு உட்கார்ந்து காது கொடுத்தார். அந்தக் காதுதான் எனக்கு முக்கியம். கிரிக்கெட் தெரியாத என் மனைவி கருணாசேன பேசும் பகுதிகளை மட்டும் தேடித் தேடிப் படித்தாள். 2012இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசும் காமன்வெல்த் நூல் பரிசும் இந்த நாவலுக்குக் கிடைத்தன.

புக்கர் வாங்கித் தந்த ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா’வை நான் படித்தது போனாலு திருவிழாச் சமயத்தில். குஷாய்குடாவில் போனாலு என்றால் தெருவில் டிஜே வண்டி. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், தீன்மார் அடி, தெலங்கானா நாட்டுப்பாட்டின் ரீமிக்ஸ். பாட்டு என்ன பாட்டு என்று காதுக்குப் புரியும் முன்பே அடிநாதம் ஜன்னல் கண்ணாடியையும் நெஞ்செலும்பையும் பிடித்து ஆட்டிவிடும். பேஸ் என்பதே அதுதான். பாடகரைப் பார்த்துத்தான் கைதட்டுவார்கள். ஆட்டத்தை நகர்த்துவது பின்னால் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும் அந்த ஆள். இந்த நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஆள் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கதை முழுக்க ‘நீ’ என்று செத்துப்போன நாயகன் மாலியையே விளித்துச் சொல்லப்படுகிறது. அந்த ‘நீ, நீ, நீ’ கீழே விடாமல் துடித்துக்கொண்டிருக்க, மேலே அரசியலும் காதலும் கெட்ட வார்த்தையும் இஷ்டத்துக்கு மிதக்கின்றன.

1990 கொழும்பு. மாலி போர்ப் புகைப்படக்காரன், சூதாடி, ஆண்களை நேசிப்பவன். கண் விழிக்கும்போது மேலுலகம். அதுவும் எப்படிப்பட்ட மேலுலகம்? வரிசை, கவுன்டர், படிவம், பதில் சொல்லாத குமாஸ்தா. மீசேவா என்ற அரசு சேவை மையத்தில் டோக்கனோடு உட்கார்ந்தவர்களுக்குச் சிரிப்பு அடங்காது. அவன் உடல் பெய்ரா ஏரியில். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, அதில் 1983 தமிழர் படுகொலையின் படங்கள் உட்பட வெளிவரவே கூடாது என்று பலரும் நினைக்கிற சாட்சிகள். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கவும் அந்தப் படங்களை உலகத்துக்குக் காட்டவும் அவனுக்கு ஏழு இரவுகள். மேலுலகத்தில் அவனுக்கு வழிகாட்ட வருகிறார் டாக்டர் ராணி ஸ்ரீதரன். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜனி திராணகமவின் சாயல் அது. அவர் வரும் இடங்களில் என்னால் சிரிக்க முடியவில்லை, புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

தொடக்கப் பகுதி கொஞ்சம் நெரிசல்தான், ஒப்புக்கொள்கிறேன். எத்தனை இயக்கம், எத்தனை சுருக்கப் பெயர்! வெளிநாட்டு நிருபருக்காக மாலி எழுதிய குறிப்பு என்று அதையும் ஒரு நகைச்சுவைப் பட்டியலாக்கிவிடுகிறார் மனிதர். நமக்கு அந்தப் பெயர்கள் பழக்கம் என்பதால் இன்னும் அதிகமாகவே உறைக்கும்.

இந்த நாவல் முதலில் 2020இல் ‘சாட்ஸ் வித் தி டெட்’ என்று இந்தியாவில் வெளிவந்தது. அப்புறம் ‘சார்ட் ஆஃப் புக்ஸ்’ என்ற சின்னஞ்சிறு பிரிட்டிஷ் பதிப்பகத்தோடு உட்கார்ந்து, கொரோனா காலத்தில் மறுபடி அதையே செதுக்கினார். அச்சான புத்தகத்தை! ஒரே பாட்டை மறுபடி மறுபடி மிக்ஸ் செய்து பார்க்கும் ஸ்டுடியோ ஆட்களின் பிடிவாதம் அது. இசையையும் நாவலையும் சேர்த்துப் பிடித்தவர் இவர் மட்டுமல்ல. ஜெர்மனியில் தாமஸ் மைனெக்கே என்று ஒருவர், டிஜேயாக இசைத்தட்டு சுழற்றிக்கொண்டே நாவலும் எழுதுகிறார். அவருடைய பக்கங்கள் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாறுவதுபோலவே ஓடும். கெட்டிக்காரர்தான். ஆனால் என்னை அழவைத்ததில்லை.

பரிசு வாங்கிய இரவில் ஷெஹான் சிங்களத்திலும் தமிழிலும் சில வார்த்தைகள் பேசினார். அந்தக் காணொளியை நான் பார்க்கச் சொல்லி அனுப்பாத ஆள் குஷாய்குடாவில் இல்லை.

முதலில் ‘சைனாமேன்’ படியுங்கள். கிரிக்கெட் பிடிக்காது என்று தப்பிக்காதீர்கள், என் மனைவியே சாட்சி. அடுத்து மாலி. அதன் பிறகு ‘தி பர்த் லாட்டரி’ சிறுகதைத் தொகுப்பு. சில கதைகள் நாவல் அளவுக்கு இல்லை, சில கதைகள் தூக்கிவாரிப் போடும். என் பிரதிகளை மட்டும் இரவல் கேட்காதீர்கள். ‘சைனாமேன்’ மதுரைப் பையனிடம் இருக்கிறது, திரும்பி வருகிற மாதிரி தெரியவில்லை.