பெறுபவர் பற்று

நாவலுக்கு விமர்சகர்கள் இருக்கிறார்கள். சினிமாவுக்கு வெள்ளிக்கிழமை மதியக் காட்சி முடிவதற்குள் நூறு பேர் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால், நகரவாசி ஒருவர் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்க்கிற எழுத்து, நகைக்கடையும் வங்கியும் விமானக் கம்பெனியும் ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பி வைத்திருக்கும் விளம்பர மெயில்தான். இந்த இலக்கிய வகைக்கு யாரும் மதிப்புரை எழுதி நான் பார்த்ததில்லை. எழுதித்தான் பார்ப்போமே என்று ஏழு நாள் வந்த விளம்பர மெயில்களை அழிக்காமல் சேர்த்துவைத்து, சிறுகதைத் தொகுப்பைப் படிப்பதுபோல வரிசையாகப் படித்தேன். மொத்தம் எத்தனை என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

முதலில் தலைப்பு. எல்லாவற்றிலும் ஒரே அவசரம். 'இன்று நள்ளிரவோடு சரி!' என்று திங்கள்கிழமை ஒரு மெயில். செவ்வாய்க்கிழமை அதே கடையிலிருந்து, 'நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக மேலும் ஒரு நாள்!' யார் கேட்டார்கள்? புதன்கிழமை வேறு பெயரில் அதே தள்ளுபடி. அந்தக் கால நாடகக் கம்பெனிகள் 'இன்றே கடைசி' என்று வாரக்கணக்கில் நோட்டீஸ் போடுவார்களே, அதேதான். அவர்களாவது நடுவில் பாட்டுப் பாடினார்கள்.

அடுத்து, விளிப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நெருக்கம் வரும் என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், மென்பொருளுக்குத் தமிழ்நாட்டு இனிஷியல் தெரியாது. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தால் நாம் ஏதாவது ஒன்றில் இனிஷியலையோ அப்பா பெயரையோ போட்டுத்தானே ஆகவேண்டும்? விளைவு, 'டியர் கே' என்று கடிதம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, காலமாகிப் பல வருடமான அவருடைய அப்பா பெயரைச் சொல்லி ஓட்டப்பந்தய ஷூ விற்கிறார்கள்.

உணர்ச்சிக்கும் குறையில்லை. ஒரே ஒரு தடவை செருப்பு வாங்கிய கடை 'உங்களை மிஸ் பண்ணுகிறோம்' என்கிறது. வாங்கலாமா என்று பார்த்துவிட்டு விட்டுப்போன குக்கர், 'உங்களுக்காகக் காத்திருக்கிறேன்' என்று தன்னிலையில் பேசுகிறது. இவ்வளவு உருகி எழுதுகிறவரின் பெயர் என்ன என்று மேலே பார்த்தால், 'நோ ரிப்ளை'. பதில் போடாதே என்பதையே பெயராக வைத்துக்கொண்டு காதல் கடிதம் எழுதுகிற ஆளை வேறெங்கும் பார்க்க முடியாது.

மொத்தத் தொகுப்பிலும் எனக்கு உண்மையாகப் பட்டது ஒரே ஒரு வரி. கடைசியில், எறும்பு சைஸில், வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கும். 'இனி இந்த மெயில்கள் வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்.' அன்சப்ஸ்கிரைப். அதையும் அவர்களாக விரும்பி எழுதவில்லை. எழுத வைத்திருக்கிறார்கள்.

அது கொஞ்சம் பழைய கதை. 1978 மே மாதம், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி துயர்க், சுமார் 400 பேருக்கு ஒரே அடியாக ஒரு விளம்பரக் கடிதம் அனுப்பினார். கேட்டு யாரும் எழுதவில்லை. வலையை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். கம்ப்யூட்டர் என்னவோ விற்றது என்று அவர் பிற்பாடு பேட்டிகளில் சொல்லிக்கொண்டார். கவனியுங்கள், திட்டும் கிடைத்தது, துட்டும் கிடைத்தது. தொழில் அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

2002-ல் ஐரோப்பிய யூனியன், பொதுவாக முன்சம்மதம் இல்லாமல் தனிநபருக்கு விளம்பர மெயில் அனுப்பக்கூடாது என்றது. அமெரிக்கா 2003-ல் போட்ட சட்டம் இதற்கு நேர் எதிர். முதலில் நீ அனுப்பிக்கொள், வேண்டாம் என்று அவர் சொன்னால் பத்து வேலை நாளுக்குள் நிறுத்து, கடிதத்தில் உன் தபால் விலாசத்தைப் போடு, தலைப்பில் பொய் சொல்லாதே. அந்த எறும்பு சைஸ் வரியும், அதன் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தெருவின் கதவு எண்ணும் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் உபயம்.

கையில் பி.காம். பட்டம் இருப்பதால் இதை எனக்குக் கணக்காகத்தான் பார்க்கத் தெரிகிறது. முன்பெல்லாம் ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி நோட்டீஸைத் தபாலில் அனுப்பினால் அச்சுக்கூலி, கவர், ஸ்டாம்ப் என்று ஒவ்வொன்றும் அவர் கையிலிருந்து போகும். ஆகவே யாருக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்து யோசிப்பார். மெயிலில் பத்தாயிரமாவது ஆளுக்கு அனுப்ப ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலே லாபம். மீதி 999 பேர் ஆளுக்கு மூன்று விநாடி செலவழித்து அழிக்கிறார்களே, அது எந்தப் பேரேட்டில் ஏறுகிறது? கணக்குப் பதிவியலில் முதல் வகுப்பிலேயே ஒரு விதி மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. அந்த விதிக்கு இவ்வளவு பொருத்தமான உதாரணத்தை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சரி, மூன்று விநாடிதானே, போகட்டும் என்று விடலாம். விட முடியாது என்பதற்கு எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு சாட்சி இருக்கிறார். ரிட்டயர் ஆன இன்ஜினீயர். எல்லோருக்கும் அவர் 'மாமா'. மாமாவிடம் ஒரு பழைய கார். கோயிலுக்கும் டாக்டரிடமும் போக மட்டும் எடுப்பார். ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு க்ளெய்ம்கூடக் கேட்காததால், கார் இன்ஷூரன்ஸில் நோ க்ளெய்ம் போனஸ் என்று சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவிகிதத் தள்ளுபடி சம்பாதித்து வைத்திருந்தார். அதுதான் உச்ச வரம்பு.

ஒருநாள் செல்போனை நீட்டினார். "தம்பி, பாலிசி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சாம். கம்பெனிக்காரன் ஒரு நோட்டீஸ்கூட அனுப்பலை பாரேன்!"

தேடிப் பார்த்தேன். அனுப்பியிருந்தார்கள். மூன்று தடவை. ஆனால் அதே விலாசத்திலிருந்து மகளிர் தின வாழ்த்து, யோகா தின வாழ்த்து, ஜிம் கூப்பன், 'உங்கள் செல்ல நாய்க்கும் பாலிசி' என்று வரிசையாக வந்திருந்தன. மாமா வீட்டில் நாய் கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் எப்படி இருந்தது தெரியுமா? தலைப்பு, 'உங்கள் பயணம் தொடரட்டும்!' உள்ளே மலைப்பாதையில் ஒரு சிவப்புக் கார், சிரிக்கும் குடும்பம். பாலிசி முடியும் தேதி அதற்கும் கீழே, விரலால் இரண்டு தடவை தள்ளினால்தான் தெரிகிற இடத்தில்.

"இதை நான் விளம்பரம்னுல்ல நெனச்சேன்" என்றார் மாமா.

எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அந்த போனஸ் போய்விடும். மாமாவுக்கு 50 சதவிகிதம் பூஜ்யமாயிற்று. வண்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்த வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த நாலு மாதமும் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைத்தான் கோயிலுக்கு ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். யார் மீதாவது மோதியிருந்தால்?

இந்த வகை எழுத்தின் மீது என்னுடைய முக்கியமான குற்றச்சாட்டு இதுதான். நைஜீரிய இளவரசரும் லாட்டரிக்காரரும் இப்போது பெரும்பாலும் ஸ்பாம் பெட்டியோடு நின்றுவிடுகிறார்கள். தொல்லை தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது. நாம் பணம் கட்டியிருக்கிற, நமக்கு உண்மையிலேயே சேதி சொல்லவேண்டிய கடமை உள்ள கம்பெனிகள், கடமையையும் கடலைமிட்டாயையும் ஒரே பொட்டலத்தில் கட்டி அனுப்புகின்றன. தேதியைத் தலைப்பில் போட்டு, 'உங்கள் பாலிசி இத்தனாம் தேதி முடிகிறது' என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? தெரியும். ஆனால் நோட்டீஸ் எழுதும் வேலையையும் விளம்பர ஆசாமியிடமே கொடுத்துவிட்டார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? செல்போன் தொல்லைக்காவது இங்கே 2007-லிருந்து அழைக்காதே பட்டியல் இருக்கிறது, 1909 இருக்கிறது. மெயிலுக்கு அப்படி ஒன்று கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பெயர் கெட்டுப்போன 66ஏ பிரிவில் ஒரு உட்பிரிவு எரிச்சலூட்டுகிற மெயிலைப் பற்றித்தான் பேசியது. அந்தப் பிரிவை ஃபேஸ்புக்கில் கருத்துச் சொன்ன பெண்கள் மீது பாய்ச்சினார்கள், கார்ட்டூன் போட்டவர் மீது பாய்ச்சினார்கள். கடைசியில் 2015-ல் சுப்ரீம் கோர்ட் பிரிவையே ரத்து செய்தது. செய்ய வேண்டியதுதான். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, ஏறக்குறைய அதே சுலபத்தில் அதைத் திரும்பப் பெறவும் முடியவேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின; அமலுக்கு வருவதும் படிப்படியாகத்தான்.

அந்த வாசகத்தை மனதில் வைத்துக்கொண்டு அன்சப்ஸ்கிரைப்பை அழுத்திப் பாருங்கள். சேரும்போது ஒரு டிக், அதுவும் பல சமயம் அவர்களே போட்டுவைத்தது. விலகும்போது ஒரு பக்கம் திறக்கிறது. அழுகிற பொம்மை. 'ஏன் போகிறீர்கள்?' என்று ஐந்து காரணங்கள். 'வாரம் ஒரு தடவை மட்டும் அனுப்பட்டுமா?' என்று பேரம். ஒரு இடத்தில் 'வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்தப் பிடிக்காது' என்பதுதான் விலகுவதற்கான பொத்தான்! இந்த மாதிரிக் குத்திக்காட்டலையும் நச்சரிப்பையும் சேர்த்து 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. பொம்மை இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறது.

நிஜமாக உதவியது மெயில் கம்பெனிகளின் நெருக்கடிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் விலாசங்களுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வைக்கவேண்டும், இரண்டு நாளில் நிறுத்தவேண்டும் என்று கூகுள் விதித்தது. யாஹூவும் கூடவே அதே மாதிரி விதி கொண்டுவந்தது. 2025 ஜூலையில், யார் யார் அனுப்புகிறார்கள் என்று ஒரே பட்டியலாகக் காட்டும் வசதியும் ஜிமெயிலில் வந்தது. கூகுளைத் தியாகி ஆக்கிவிட வேண்டாம். 2013-ல் விளம்பரங்களுக்கென்று தனி அறை ஒதுக்கிவிட்டு, அதே அறையில் மெயில் மாதிரியே தெரிகிற தன்னுடைய விளம்பரங்களையும் வைத்தது. வாட்ச்மேன் வாசலிலேயே பெட்டிக்கடை போட்ட கதை.

மாமாவின் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சுத்தம் செய்தோம். தேடல் கட்டத்தில் அன்சப்ஸ்கிரைப் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால் முக்கால்வாசிப் பேர் வரிசையில் வந்து நிற்கிறார்கள். முதலில் அழிக்கக் கூடாது, முதலில் விலகவேண்டும். அழிப்பது தரையைத் துடைப்பது. விலகுவது குழாயை மூடுவது. தெரிந்த கடையென்றால் விலகலாம். முன்பின் தெரியாத ஆசாமியின் மெயிலில் இருக்கும் இணைப்பை மட்டும் தொடவே கூடாது. இந்த விலாசத்தில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதை ஸ்பாம் என்று தள்ளிவிட வேண்டியதுதான். கோபத்தில் வங்கியையும் இன்ஷூரன்ஸையும் ஸ்பாமில் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை முடிவுத் தேதிக் கடிதமும் அங்கேயே போய் விழும், ஜாக்கிரதை. அவற்றில் விளம்பரத்திலிருந்து மட்டும் விலகிவிட்டு, அவர்கள் பெயருக்குத் தனியாக ஒரு லேபிள் போட்டு வைத்தோம். பிறகுதான் பழையதை மொத்தமாக அழித்தோம். குப்பையில் 30 நாள் கிடக்கும் என்பதால் தவறு நடந்தாலும் மீட்கலாம்.

"இடம் நெறைய காலியாயிருக்கும், இல்ல தம்பி?" என்றார் மாமா ஆசையாக.

இல்லை. விளம்பர மெயில் பெரும்பாலும் எடையில்லாத சரக்கு. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியைத் தின்பது நாம் போனிலிருந்து தானாக ஏற்றிவைக்கும் கல்யாண வீடியோக்கள்.

எடையில்லாத சரக்கிலும் ஒரு ஒற்றன் இருப்பான். பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் ஒளித்து வைத்திருப்பார்கள். நீங்கள் கடிதத்தைத் திறந்தால் அது அனுப்பியவரின் கம்ப்யூட்டருக்குப் போய், ஆள் பார்த்துவிட்டார் என்று சொல்லிவிடும். ஆப்பிள் கம்பெனி 2021-ல் தன் மெயிலில் இதைக் குழப்பிவிட வழி செய்தது. ஜிமெயிலில், கேட்டுவிட்டுத்தான் படம் காட்டவேண்டும் என்று செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். மாமாவுக்கு மாற்றிக் கொடுத்தேன். அழுகிற பொம்மைகளும் சிவப்புக் கார்களும் மறைந்து, வெறும் எழுத்து மிஞ்சியது. பாதி மெயில்களில் படத்தை எடுத்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

இத்தனைக்கும் ஊற்றுக்கண் பில் போடும் கவுன்ட்டர். 2023 மே மாதம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பில்லுக்காக வாடிக்கையாளரின் செல் நம்பரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று கடைகளுக்கு அறிவுறுத்தியது. போன மாதம் இரண்டு பனியன் வாங்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்த பையன் நம்பரோடு சேர்த்து மெயில் ஐடியும் கேட்டான்.

"வேணாம்பா, பேப்பர் பில் குடு போதும்."

"சிஸ்டம் ஏத்துக்காது சார். அந்தக் கட்டம் காலியா இருந்தா பில்லே வராது."

"அப்ப தராதவங்களுக்கு என்ன பண்ணுவே?"

பையன் இருபுறமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "எங்க கடை மெயில் ஐடியையே போட்டுருவேன் சார்" என்றான்.